ஐந்து வகுப்புக்கு இரண்டு வாத்தியாரா?

சேலம் டவுனை விட்டு ஏற்காடு மலையை நோக்கிப் போகிறவர்களுக்குக் கொண்டப்பநாயக்கன்பட்டி தெரியும். சேர்வராயன் மலையின் அடிவாரத்து ஊர். பெயரில் பட்டி இருக்கிறது. ஆனால் டவுன் கையெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. காலை எட்டு மணிக்கு இந்த வட்டாரத்து ஊர்களில் எங்கே நின்று பார்த்தாலும் ஒரே காட்சிதான். ஒரு பக்கம் சித்தாள் வேலைக்கும் பட்டறை வேலைக்கும் போகிற ஆண்களும் பெண்களும் தூக்குச் சட்டியுடன் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். இன்னொரு பக்கம் மஞ்சள் வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. கழுத்தில் டை கட்டிய மூன்று வயது, நான்கு வயதுக் குழந்தைகளைத் தூக்கி உள்ளே வைக்கிறார்கள். பாதிக் குழந்தைகள் தூங்கிக்கொண்டே போகின்றன.

பிறகு சர்க்கார் தொடக்கப் பள்ளியின் மணி அடிக்கிறது. பள்ளி கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. உள்ளே போகிற பிள்ளைகள் கொஞ்சம் பேர்தான்.

வேனில் போகிறவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள்? மிராசுதார் வீட்டுப் பிள்ளைகளா? மில் முதலாளி வீட்டுப் பிள்ளைகளா? இல்லை. தூக்குச் சட்டியுடன் பஸ்ஸுக்கு நிற்கிறார்களே, அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான். நாம் யோசிக்க வேண்டிய விஷயம் இதுவே.

எந்த ஒரு பள்ளியையும் பெயர் சொல்லிக் குறை கூறுவது நம் நோக்கமல்ல. இது ஒரு பள்ளியின் கதையும் அல்ல. சேலம், நாமக்கல் சமவெளி முழுவதும், ஏன், தமிழ்நாடு முழுவதும் நடக்கிற விஷயம்.

ஒரு தாயின் கேள்வி

கட்டட வேலைக்குப் போகும் ஒரு தாயிடம் நாம் கேட்டோம்: "பக்கத்திலேயே பள்ளி இருக்க, கடன் வாங்கி வேனுக்கும் பீசுக்கும் கட்டுகிறீர்களே, ஏனம்மா?"

அவர் சொன்ன பதில் இது: "வாத்தியாருங்க நல்லவங்கதானுங்கண்ணா. ஆனா அஞ்சு கிளாசுக்கு ரெண்டே பேருங்க. ஒருத்தரு மீட்டிங்குன்னு போயிட்டா, மீதி ஒருத்தரு எந்தக் கிளாசைப் பாப்பாருங்க? எம் புள்ள சும்மா உக்காந்துட்டு வர்றதுக்கா நான் அனுப்போணும்?"

இந்தத் தாய்க்கு நாம் என்ன பதில் சொல்லப் போகிறோம்? தாய்மொழிக் கல்வியின் மேன்மையைப் பற்றி ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்யலாம். தனியார் பள்ளிகளின் லாப வேட்டையைப் பற்றி இன்னொரு மணி நேரம் பேசலாம். இரண்டும் உண்மைதான். ஆனால் அவர் கேட்டது அதுவல்ல. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு வாத்தியார் நிற்பாரா, மாட்டாரா? அவர் கேட்டது அவ்வளவுதான்.

அவர் ஆங்கில மோகத்தில் கெட்டுப்போனவர் அல்ல. கூலிக்காரி தன் பிள்ளை தன்னைப் போல மண் சுமக்கக் கூடாது என்று நினைப்பது மோகமா? அது நியாயமான ஆசை. அந்த ஆசையைக் கேலி செய்கிறவர்கள் ஏழைகளின் சிநேகிதர்களாக இருக்க முடியாது.

சட்டம் போடாமல் ஓர் அரைநேரப் படிப்பு

இரண்டு வாத்தியார் கணக்கு எங்கிருந்து வந்தது? சட்டத்திலேயே இருக்கிறது. 2009-ஆம் வருஷம் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு வாத்தியார். 61 முதல் 90 வரை மூன்று பேர். 91 முதல் 120 வரை நான்கு பேர். ஐந்து வகுப்புக்கு ஐந்து வாத்தியார் வேண்டுமானால் 120 பிள்ளைகளைத் தாண்ட வேண்டும்.

முப்பது பிள்ளைக்கு ஒரு வாத்தியார் என்பது கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த முப்பது பேரும் ஒரே வகுப்பில் இருந்தால்தானே அது நியாயம்? நாற்பது பிள்ளைகள் உள்ள பள்ளியில் வகுப்புக்கு எட்டுப் பேர். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அகரம் எழுதச் சொல்லித் தர வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னக் கணக்கு. நடுவில் இன்னும் மூன்று வகுப்புகள். இரண்டு வாத்தியார்களில் ஒருவர் தலைமையாசிரியர். சத்துணவுக் கணக்கு, புத்தகக் கணக்கு, செருப்புக் கணக்கு, பை கணக்கு, கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டிய புள்ளிவிவரம் எல்லாம் அவர் தலையில். அவரைப் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ கூப்பிட்டுவிட்டால் மிச்சம் ஒருவர். ஐந்து வகுப்புக்கு ஒருவர்!

இந்தப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு வாத்தியாரின் நேரத்தில் எவ்வளவு கிடைக்கிறது? நல்ல நாளிலேயே பாதிக்கும் குறைவு. மீதி நேரம் பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கிறது.

வாசகர்களுக்கு 1953-ஆம் வருஷம் நினைவிருக்கலாம். நினைவில்லாதவர்கள் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்திருக்கலாம். நம் சேலத்தில் வக்கீல் தொழில் பார்த்து, நகரசபைத் தலைவராகவும் இருந்த ராஜாஜி அப்போது முதல் மந்திரி. கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் தினம் மூன்று மணி நேரம் படித்தால் போதும், மிச்ச நேரம் பிள்ளைகள் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். இருக்கிற வாத்தியாரையும் கட்டடத்தையும் வைத்தே இரண்டு ஷிப்டாக அதிகப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது சர்க்கார் சொன்ன காரணம். ஜனங்கள் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தார்கள். நாடு கொதித்தது. 1954-இல் ராஜாஜி பதவியை விட்டார், காமராஜ் வந்தார், திட்டம் ரத்தாயிற்று.

அன்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு அரைநேரப் படிப்பு கொண்டுவந்தார்கள். ஜனங்கள் எதிர்த்து விரட்டினார்கள். இன்று யாரும் சொல்லவில்லை. சட்டசபையில் எவரும் தீர்மானம் போடவில்லை. ஆனால் இரண்டு வாத்தியார் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்குக் கிடைப்பது அரைநேரப் படிப்புதானே? அதையும் எதிர்க்க வேண்டாமா?

கோழியா, முட்டையா?

அதிகாரிகளிடம் போய்க் கேட்டால் என்ன சொல்கிறார்கள்? "பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள், வாத்தியார் தருகிறோம்." தாய்மார்களிடம் போனால் என்ன சொல்கிறார்கள்? "வாத்தியாரைக் கொண்டு வாருங்கள், பிள்ளையை அனுப்புகிறோம்." பிள்ளை குறைந்ததால் வாத்தியார் குறைகிறார். வாத்தியார் குறைந்ததால் பிள்ளை குறைகிறது. நாமக்கல்காரர்களுக்குத் தெரிந்த கணக்குதான்: கோழி முதலா, முட்டை முதலா? இந்தச் சுற்றை எங்கேயோ ஓரிடத்தில் உடைக்க வேண்டும். உடைக்கக்கூடிய சக்தி யாரிடம் இருக்கிறது? கூலிக்காரத் தாயிடமா, சர்க்காரிடமா?

படிப்பின் தரத்தைப் பற்றியும் உண்மையை மறைக்காமல் பேசுவோம். 2024-இல் கிராமப்புறங்களில் வீடு வீடாகப் போய் நடத்திய 'அசர்' ஆய்வின்படி, தமிழ்நாட்டுச் சர்க்கார் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளில், இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடுமாறாமல் படிக்க முடிந்தவர்கள் பாதிப்பேர் கூட இல்லை. 2022-லும் இதே நிலைதான். ஆய்வு முறையில் குறை இருக்கலாம். ஆனால் நம் தெருவில் ஐந்தாவது படிக்கும் பிள்ளையைக் கூப்பிட்டுப் பத்திரிகையில் நான்கு வரி படிக்கச் சொன்னால் உண்மை தெரிந்துவிடுகிறது. இதற்கு வாத்தியாரை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. ஐந்து வகுப்பை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, ஏன் படிப்பு ஏறவில்லை என்று கேட்பது, கையைக் கட்டிவிட்டு ஏன் நெய்யவில்லை என்று தறிக்காரனைக் கேட்பதைப் போன்றது.

மூன்று வயதில் போகிற பிள்ளை

பிள்ளை சர்க்கார் பள்ளியை விட்டு எப்போது போகிறது? ஒன்றாம் வகுப்பில் அல்ல. மூன்று வயதிலேயே போய்விடுகிறது. சர்க்கார் தொடக்கப் பள்ளி ஐந்து வயதில் கதவைத் திறக்கிறது. தனியார் பள்ளி மூன்று வயதில் வேனை வீட்டு வாசலுக்கு அனுப்புகிறது. எல்.கே.ஜி.யில் ஏறிய பிள்ளை ஐந்து வயதில் இறங்கி இங்கே வருமா? வராது.

இது சர்க்காருக்குத் தெரியாததல்ல. 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கினார்கள். அதற்கென்று புதிதாக வாத்தியார் போட்டார்களா? தொடக்கப் பள்ளியிலிருந்த இடைநிலை ஆசிரியர்களையே அங்கே மாற்றினார்கள். ஒரு குழியை மூட இன்னொரு குழி! 2022-இல் அந்த ஆசிரியர்களைத் திரும்பப் பள்ளிக்கே அனுப்பி, அந்த வகுப்புகளைக் கைவிடப் பார்த்தார்கள். எதிர்ப்பு வந்த பிறகு, தற்காலிக ஆசிரியர்களை வைத்துத் தொடர்கிறோம் என்றார்கள். மூன்று வயதில் பிள்ளையைப் பிடிக்க எல்லாத் தொடக்கப் பள்ளியிலும் வகுப்பு வேண்டும். இருந்ததோ 2,381 இடத்தில். அதுவும் தற்காலிகம்.

இன்னொரு பக்கம், ஆறாம் வகுப்புக்கு மேல் சர்க்கார் பல நல்ல காரியங்கள் செய்திருக்கிறது. அதை நாம் மறுக்கவில்லை. சர்க்கார் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த வருஷம் என்ஜினீயரிங் முதலான படிப்புகளுக்கும் வந்தது. கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-இலும், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கின. ஆனால் இவை எல்லாமே ஆறாம் வகுப்பு முதல் சர்க்கார் பள்ளியில் படித்ததையே கணக்கில் எடுக்கின்றன. ஆகவே ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? ஐந்தாவது வரை வேனில் அனுப்புகிறார்கள். கடன் முற்றியதும் ஆறாவதில் சர்க்கார் பள்ளியில் சேர்க்கிறார்கள். அவர்கள் கணக்கில் தப்பில்லை. ஆனால் நடுவில் சாகிறது எது? ஊருக்குள் இருக்கிற தொடக்கப் பள்ளி. மேல்மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். அஸ்திவாரத்தில் கல் உருவப்படுகிறது.

"பிள்ளைகளே பிறக்கவில்லை"

"பிறப்பே குறைந்துவிட்டது, பள்ளியில் பிள்ளை குறையாமல் என்ன செய்யும்?" என்று சிலர் கேட்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. 2020-ஆம் வருஷத்து மாதிரிப் பதிவுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 குழந்தை. ஜனத்தொகை குறையாமல் நிற்க வேண்டுமானால் 2.1 வேண்டும். 2025-இல் தொடக்கக் கல்வித் துறையே ஒரு கணக்குச் சொன்னது: அந்த வருஷம் ஒரு பிள்ளை கூட இல்லாத பள்ளிகள் 1,204. அதில் சர்க்கார் பள்ளிகள் 208. தனியார் சுயநிதிப் பள்ளிகள் 869. ஆக, காலியாவது சர்க்கார் பள்ளி மட்டுமல்ல. மஞ்சள் வேன் விட்ட பள்ளிகளும்தான்.

சரி, பிள்ளை குறைந்துவிட்டது. அதற்காகப் பள்ளியை மூடுவதா? நாம் தலைகீழாகப் பார்க்கச் சொல்கிறோம். ஒரு காலத்தில் ஒரு வகுப்பில் அறுபது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து படித்தோம். அப்போது வாத்தியார் நம் முகத்தைக் கூடப் பார்த்ததில்லை. இன்று வகுப்புக்கு எட்டுப் பேர், பத்துப் பேர். ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பிடித்து எழுதச் சொல்லித் தரலாம். பணக்காரன் லட்சக்கணக்கில் பணம் கட்டி வாங்குகிற வசதி இதுதான் — சின்ன வகுப்பு, பக்கத்தில் ஒரு வாத்தியார். ஏழைப் பிள்ளைக்கு அந்த வசதி தானாகவே வந்து நிற்கிற நேரத்தில், "எண்ணிக்கை போதாது" என்று வாத்தியாரை எடுத்துக்கொண்டு போனால் அது என்ன நியாயம்?

உத்தரப் பிரதேசத்தைப் பாருங்கள். 2025 ஜூனில் 50 பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்க்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள். ஆயிரக்கணக்கான பள்ளிகள் அந்தப் பட்டியலில் சிக்கின. பெற்றோர் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள்; ஜூலையில் தனி நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்தார். ஊரில் பள்ளி இல்லாவிட்டால் முதலில் படிப்பு நிற்பது யாருக்கு? பெண் பிள்ளைக்கும், ஊனமுற்ற பிள்ளைக்கும், காலையில் பட்டினியாகக் கிளம்பும் பிள்ளைக்கும்தான்.

பிராய்லர் படிப்பு

தனியார் பள்ளிதான் படிப்புக்குக் கதி என்று நினைக்கிறவர்களுக்கு நம் ஜில்லாக்களே ஒரு பாடம். நாமக்கல், ராசிபுரம் பக்கத்தில் கோழிப்பண்ணைகளோடு கூடவே பள்ளிப் பண்ணைகளும் பெருகின. பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு வருஷம் உருப்போட வைத்து ராங்க் வாங்கிக் காட்டினார்கள். ஜனங்களே அதற்குப் பிராய்லர் பள்ளி என்று பெயர் வைத்தார்கள். தமிழ்நாட்டின் நான்கு மூலையிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். 2017-இல் சர்க்கார் ராங்க் வெளியிடுவதை நிறுத்தியது. அடுத்த வருஷம் பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வந்தது. ஆனால் 2025-இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை எடுத்துவிட்டது. பழைய பழக்கம் திரும்பி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டியது சர்க்காரின் பொறுப்பு.

ஊருக்கு வேன் விடுகிற சின்னத் தனியார் பள்ளிகளின் நிலைமை வேறு. அங்கே பாடம் சொல்லித் தருகிற பெண்களில் பலருக்குச் சித்தாள் கூலி கூடக் கிடைப்பதில்லை. ஒரு வருஷம் இருப்பார். அடுத்த வருஷம் வேறொருவர். ஆனாலும் ஒன்று: வகுப்புக்கு ஓர் ஆள் நிற்கிறார். அந்தத் தாய் பணம் கட்டுவது அந்த ஓர் ஆளுக்காகத்தான். டைக்கும் பூட்சுக்கும் அல்ல.

சென்னையும் டில்லியும்

சென்னை சர்க்கார் 2025-26 பட்ஜெட்டில் பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ரூபாய் ஒதுக்கியது. காலைச் சிற்றுண்டித் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லாச் சர்க்கார் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. 1956-இல் காமராஜ் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கியது, இப்போது காலை உணவு — இது ஏழை ஜனங்கள் பெற்ற பெரிய உரிமை. மறுப்பதற்கில்லை. ஆனால் சாப்பிட்ட பிள்ளை வகுப்புக்குள் போனால் அங்கே வாத்தியார் இருக்க வேண்டாமா?

2022-இல் காலியிடங்களை நிரப்ப என்ன செய்தார்கள்? 13,331 பேரைத் தற்காலிகமாகத் தொகுப்பூதியத்தில் எடுக்கச் சொன்னார்கள். இடைநிலை ஆசிரியர் நிரந்தரப் பணிக்குப் பல வருஷம் கழித்து 2024-இல்தான் 2,768 இடங்களுக்குத் தேர்வு நடந்தது. படித்துவிட்டு, தகுதித் தேர்விலும் தேறிவிட்டு, வயது போய்க்கொண்டிருக்கும் வாலிபர்கள் ஒரு பக்கம். வாத்தியார் இல்லாத வகுப்பு இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்து வைப்பதற்கு இவ்வளவு மெத்தனம் ஏன்?

டில்லி சர்க்காரின் கதை இதைவிட மோசம். பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்ற காரணத்தைக் காட்டி, 2024-25-க்குத் தர வேண்டிய சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயைத் தமிழ்நாட்டுக்குக் கொடுக்காமல் நிறுத்தியது. 2025-இல் தமிழ்நாடு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக வேண்டி வந்தது. கல்விக் கொள்கையில் தகராறு இருந்தால் பேசித் தீர்க்கட்டும். பிள்ளைகளின் பணத்தைப் பிடித்து வைப்பது எந்த தர்மம்? 1964 முதல் 1966 வரை வேலை செய்த கோத்தாரி கமிஷன், தேசிய வருமானத்தில் 6 சதத்தைக் கல்விக்குச் செலவிடச் சொன்னது. அறுபது வருஷம் ஆகப் போகிறது. அந்த 6 சதத்தை இந்த நாடு எட்டவேயில்லை.

மலாப்பறம்பு சொன்ன பதில்

போகிற பிள்ளைகளைத் திருப்பிக் கொண்டுவர முடியுமா? முடியும். பக்கத்து ராஜ்யத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள்.

கேரளத்தில் பிள்ளை குறைந்த பள்ளிகளுக்கு 'லாபமில்லாத பள்ளி' என்றே பெயர். பள்ளிக்கூடத்தில் என்ன லாபம்? கோழிக்கோட்டில் மலாப்பறம்பு என்னுமிடத்தில் உதவி பெறும் பள்ளி ஒன்று இருந்தது. நல்ல விலை போகிற இடம். 2014-இல் அதன் மேனேஜர் இரவோடு இரவாகக் கட்டடத்தை இடித்துவிட்டார். ஊர் ஜனங்கள் என்ன செய்தார்கள்? மனுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்களா? பள்ளிப் பாதுகாப்புக் குழு அமைத்தார்கள். தாங்களே கல்லும் மண்ணும் சுமந்து கட்டடத்தைத் திரும்பக் கட்டினார்கள். 2016-இல் கோர்ட் உத்தரவின்படி பள்ளியைப் பூட்ட வேண்டி வந்தபோது, பிள்ளைகளைக் கலெக்டர் ஆபீஸில் உட்கார வைத்துப் பாடம் நடந்தது. பின்னர் சர்க்காரே அந்தப் பள்ளியை எடுத்துக்கொண்டது.

அடுத்து 2017 ஜனவரியில் பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கம் தொடங்கியது. பழைய மாணவர்கள், பெற்றோர், பஞ்சாயத்துகள் எல்லோரும் பள்ளிக்கு வந்தார்கள். 45,000 வகுப்பறைகள் நவீன வசதி பெற்றன. வருஷா வருஷம் குறைந்துகொண்டிருந்த சேர்க்கை அதற்குப் பின் வந்த வருஷங்களில் ஏறியது. சர்க்கார் பணம் போட்டது, ஊரும் உள்ளே வந்தது. இரண்டும் சேர்ந்ததால் நடந்தது.

நம் ஊர்களிலும் ஒரு சந்தர்ப்பம் வந்தது. கொரோனாக் காலத்தில், 2021-இல், வேலையும் போய்க் கையில் பணமும் இல்லாத பெற்றோர் லட்சக்கணக்கான பிள்ளைகளைத் தனியார் பள்ளியிலிருந்து சர்க்கார் பள்ளிக்கு மாற்றினார்கள். வந்தவர்களை நிறுத்திக்கொள்ளும் அளவுக்கு வாத்தியார் கூடவில்லை. பலர் திரும்பிப் போனார்கள். வாசல் வரை வந்த பிள்ளையை நாம் விட்டுவிட்டோம்.

நம் வீட்டுக் கணக்கு

"நாம் விட்டுவிட்டோம்" என்று சும்மா எழுதவில்லை. சர்க்காரை மட்டும் குறை சொல்லிவிட்டு முடித்தால் அது யோக்கியமான எழுத்தாகாது.

சில வருஷங்களுக்கு முன் ஓர் ஊரில் பொதுப்பள்ளியைக் காப்போம் என்று கூட்டம் போட்டோம். நன்றாகவே பேசினோம். இறங்கி வந்ததும் ஒரு பெரியவர் தோளில் கை வைத்துக் கேட்டார்: "ஏப்பா தம்பி, உம் புள்ள எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்குது?" நமக்கு வாய் வரவில்லை. நம் வீட்டுப் பிள்ளையும் அன்று மஞ்சள் வேனில்தான் போய்க்கொண்டிருந்தது. ஊருக்குத்தான் உபதேசம்! ஆறாம் வகுப்பில் சர்க்கார் பள்ளிக்கு மாற்றினோம். அதிலும் மாதம் ஆயிரம் ரூபாய்க் கணக்கு இருந்ததா என்று யாராவது கேட்டால், இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டோம்.

நம்மைப் போல எத்தனை பேர்! கட்சி ஊழியர்கள், சங்க ஊழியர்கள், பஞ்சாயத்து மெம்பர்கள், சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர்கள், அந்தப் பள்ளியிலேயே பாடம் சொல்லித் தருகிற வாத்தியார்கள். ஊரில் கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள், கலெக்டருக்கு மனு எழுதத் தெரிந்தவர்கள் எல்லோரும் பிள்ளையை வெளியே எடுத்துக்கொண்டோம். மிஞ்சியவர்கள் கேள்வி கேட்கப் பயப்படுகிறவர்கள். வாத்தியார் ஒரு மாதம் வராவிட்டாலும் அதட்டிக் கேட்க அங்கே ஆள் இல்லை. பள்ளியை இளைக்க வைத்ததில் நமக்கும் பங்கு உண்டு.

2015-இல் அலகாபாத் ஹைகோர்ட் ஒரு தீர்ப்பு சொன்னது: சர்க்கார் கஜானாவில் சம்பளம் வாங்குகிறவர்கள் தங்கள் பிள்ளைகளைச் சர்க்கார் தொடக்கப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும். அமலாகவில்லை. கோத்தாரி கமிஷனும் அண்மைப் பள்ளி என்றது. அந்தந்த வட்டாரத்துப் பிள்ளைகள் ஏழை, பணக்காரன் என்ற பேதமில்லாமல் அந்தந்த வட்டாரத்துப் பள்ளியில் படிக்க வேண்டும் என்றது. சட்டம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நம் வீட்டிலிருந்து தொடங்கலாம்.

செய்ய வேண்டியது

சர்க்காரிடம் நம் கோரிக்கை பெரிதல்ல. பிள்ளைகளின் எண்ணிக்கை எதுவானாலும் வகுப்புக்கு ஒரு வாத்தியார் வேண்டும். மத்திய சட்டம் சொல்வது குறைந்த அளவுதான். அதற்கு மேல் தமிழ்நாடு தன் பணத்தில் போடுவதை யாரும் தடுக்கவில்லை. எல்லாத் தொடக்கப் பள்ளியிலும் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்பு வேண்டும், அதற்குப் பயிற்சி பெற்ற நிரந்தர ஆசிரியர் வேண்டும். கணக்கு எழுதவும் கம்ப்யூட்டரில் ஏற்றவும் தனி ஆள் வேண்டும். ஆங்கிலத்தை நன்றாகச் சொல்லித் தர ஆள் வேண்டும். பிள்ளை குறைந்தது என்று ஒரு பள்ளியையும் மூடக் கூடாது.

ஊரில் நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. வேன்காரர்கள் வருஷத் தொடக்கத்திலேயே வீடு வீடாக வந்துவிடுகிறார்கள். நாமோ ஜூன் மாதம் விழித்துக்கொண்டு பேனர் கட்டுகிறோம். கல்வித் துறையே 2024-இலும் 2025-இலும் மார்ச் 1-ஆம் தேதியே சேர்க்கையைத் தொடங்கியது. அதற்கு முன்பே மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு வீட்டுப் படியையும் நாம் ஏற வேண்டும். வெறுங்கையோடு அல்ல, வகுப்புக்கு ஒரு வாத்தியார் வேண்டும் என்ற மனுவோடு. கையெழுத்துப் போடுகிற தாயிடம், "வாத்தியார் வந்தால் பிள்ளையை அனுப்புவீர்களா?" என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இத்தனை பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று பெயரோடு அதிகாரி முன்னால் வைத்தால், கோழி–முட்டை நியாயம் அங்கே எடுபடாது.

கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். கையெழுத்து மட்டும் போடுகிற குழுவாக அது இருக்கக் கூடாது. கிராமசபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் கூடுகிறது. தெருவிளக்கைப் பற்றியும் சாக்கடையைப் பற்றியும் பேசுகிறோம். பள்ளியில் எத்தனை வாத்தியார் என்பதை ஆறு முறையும் கேட்போம். மாதம் ஒரு நாள் பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்போம். நன்றாகப் படித்தால் வாத்தியாரைப் பாராட்டுவோம். படிக்காவிட்டால் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்போம். வாத்தியார் நம் விரோதியல்ல. வேனில் போகிற பிள்ளையின் தாயும் நம் விரோதியல்ல.

கொண்டப்பநாயக்கன்பட்டியிலும் அதைப் போன்ற ஆயிரம் பட்டிகளிலும் நாளைக் காலையும் மஞ்சள் வேன் வரும். அதை மறிப்பதல்ல நம் வேலை. வேன் வந்து நிற்கும்போது, "வேண்டாங்க, எங்க பள்ளிக்கூடத்துலயே டீச்சர் வந்துட்டாங்க" என்று அந்தத் தாய் சொல்ல வேண்டும். அவர் அப்படிச் சொல்கிற நாளைக் கொண்டுவருவதுதான் நம் வேலை. ஐந்து வகுப்புக்கு ஐந்து வாத்தியார்! இந்தக் கோரிக்கையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கிளம்புவோம். முதலில் நம் வீட்டிலிருந்து.